கப்பல்ல டிரிங்க்ஸ் பேக்கேஜ்: "அஞ்சு அடிச்சா காசு வசூல்" கணக்கு

"டாக்டர், சிங்கப்பூர்லருந்து க்ரூஸ் போறோம். டிரிங்க்ஸ் பேக்கேஜ் போட்டா வொர்த்தா?"

லீவு சீசன் வந்தா இன்பாக்ஸ்ல இந்தக் கேள்வி வந்துடுது. இதை எதுக்குய்யா டிராவல் ஏஜென்ட்டை விட்டுட்டு டாக்டர்கிட்ட கேக்குறீங்கன்னு தோணும். ஆனா சரியான ஆள்கிட்டதான் கேக்குறீங்க. நீளமான த்ரெட். ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

தெரியாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. க்ரூஸ் டிக்கெட்ல ரூம், சாப்பாடு, ஷோ எல்லாம் அடக்கம். மது, கோக், பாட்டில் தண்ணி, ஸ்பெஷல் காபி இதெல்லாம் தனி. ஒவ்வொரு கிளாஸுக்கும் ரூம் கார்டை நீட்டணும், கடைசியில மொத்தமா பில் வரும். அதுக்குப் பதிலா, "ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் முன்னாடியே கட்டிடுங்க, அப்புறம் இஷ்டத்துக்குக் குடிங்க"ன்னு சொல்றதுதான் டிரிங்க்ஸ் பேக்கேஜ்.

இதைப் பத்தி நம்மாளுங்க போடற பயண வீடியோவைப் பாருங்க. எல்லாத்துலயும் ஒரே வசனம்: "ஜஸ்ட் அஞ்சு டிரிங்க் அடிச்சா போதும் மக்களே, போட்ட காசு வசூல். ஆறாவதுலருந்து எல்லாம் லாபம்."

கணக்குல தப்பில்ல. அதுல இருக்கற அந்த "ஜஸ்ட்"டோடதான் எனக்குச் சண்டை.

சரி, கணக்கைப் போட்டே பாத்துடுவோம். ராயல் கரீபியன் மாதிரி பெரிய கம்பெனியில, மது சேர்ந்த பேக்கேஜ் கப்பலையும் சீசனையும் பொறுத்து ஒரு நாளைக்கு 60 டாலர்லருந்து 100 டாலரைத் தாண்டியும் போகும். நாம நடுவுல 70 டாலர்னு வச்சுப்போம். அதுக்கு மேல 18 சதவீதம் டிப்ஸ். ஆக 82 டாலர் 60 சென்ட். இது ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு.

பார்ல ஒரு காக்டெயில் 14 டாலர்னு வைங்க. அதுக்கும் 18 சதவீதம் சேர்த்தா 16 டாலர் 52 சென்ட். வகுத்துப் பாருங்க. சரியா அஞ்சு. பியர் மட்டும் குடிக்கிற ஆளா? ஒரு கேன் 9 டாலர், டிப்ஸோட 10.60. எட்டு கேன் குடிச்சாதான் கட்டின காசு திரும்பும்.

இப்ப இதை டாலர்லருந்து கிராமுக்கு மாத்துவோம். இந்த வேலையை அந்த வீடியோ தம்பிங்க யாரும் செய்றதில்ல, அதனாலதான் நான் செய்றேன்.

அமெரிக்கக் கணக்குல ஒரு "டிரிங்க்" என்றால் 14 கிராம் சுத்தமான ஆல்கஹால். 5 சதவீத பியர் ஒரு கேன், 40 சதவீத விஸ்கி 44 மில்லி, ரெண்டுமே அந்த 14 கிராம்தான். காக்டெயில்ல ஒரு பெக் மட்டும் ஊத்தினா அதுவும் 14. லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ மாதிரி நாலஞ்சு சரக்கு கலக்குற ஐட்டம்னா இன்னும் கூட. நான் குறைவான பக்கமே நின்னு கணக்கு போடறேன்.

அஞ்சு காக்டெயில், 70 கிராம்.

நம்ம ஊர் அளவுல சொன்னாதான் உறைக்கும். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதுல இருக்கற ஆல்கஹால் கிட்டத்தட்ட 61 கிராம்.

புரியுதா? பேக்கேஜ் காசு வசூல் ஆகணும்னா நீங்க தினமும் ஒரு குவார்ட்டருக்கும் மேல குடிக்கணும். லாபம் பாக்க இல்ல, நஷ்டம் இல்லாம இருக்கறதுக்கே!

தெருமுனைல தினமும் ஒரு குவார்ட்டர் அடிக்கிற மனுஷனை நாம என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறோம்? அவர் பக்கத்துல வந்தா பஸ்ல சீட் மாறி உக்காருறோம். அதே அளவை கிளாஸ்ல ஒரு குட்டிக் குடையைச் சொருகி, ஓரத்துல அன்னாசித் துண்டு வச்சு, பதினாலாவது மாடி நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல குடுத்தா அதுக்குப் பேர் "வெகேஷன் வைப்". கல்லீரலுக்குக் குடையும் தெரியாது, அன்னாசியும் தெரியாது.

பியர் கணக்கு இன்னும் மோசம். எட்டு கேன் என்றால் 112 கிராம். இந்த 112 எனக்கு ரொம்ப பழக்கமான எண். பிரிட்டன் அரசின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016-ல் கொடுத்த வழிகாட்டுதல், வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீங்கன்னு சொல்லுது. அவங்க யூனிட் 8 கிராம். பதினாலெட்டு நூத்திப் பன்னெண்டு. ஆக ஒரு வாரத்துக்கான உச்ச அளவை நீங்க ஒரே நாள்ல குடிச்சு முடிச்சாதான் கப்பல்காரனுக்கும் உங்களுக்கும் கணக்கு சரியாகும். மறுநாள் காலையில அடுத்த வாரக் கோட்டாவை ஆரம்பிக்கணும்.

கார்னிவல் கம்பெனியோட பேக்கேஜ்ல உச்சவரம்பு ஒண்ணு உண்டு. 24 மணி நேரத்துக்கு 15 மது வகை. அதைக் காட்டி "பாத்தீங்களா, அவங்களே கட்டுப்பாடு வச்சிருக்காங்க"ன்னு சிலர் சொல்றாங்க. 15 டிரிங்க் 210 கிராம். மூணரை குவார்ட்டர். ஒரு ஃபுல் பாட்டிலுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். இதுதான் கட்டுப்பாடாம்!

உடம்பு இதை எப்படிச் சமாளிக்குது? சராசரி உடல்வாகுள்ள ஆளோட கல்லீரல் மணிக்கு சுமார் 7, 8 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். காபி குடிச்சாலும், குளிச்சாலும், மோர் குடிச்சாலும் அந்த வேகம் கூடாது. 70 கிராம் இறங்க ஒன்பது, பத்து மணி நேரம். 112 கிராமுக்குப் பதினஞ்சு மணி நேரம். ராத்திரி 12 மணிக்கு முடிச்ச ஆளுக்கு மறுநாள் மத்தியானம் பார் பக்கம் போகும்போது நேத்தைய சரக்கே இன்னும் ரத்தத்துல ஓடிக்கிட்டிருக்கலாம்.

இப்ப நீங்க சொல்லப் போறது எனக்குத் தெரியும். "டாக்டர், பேக்கேஜ்ல காபி, கோக், தண்ணி பாட்டில் எல்லாம் இருக்கே, அதைக் கழிக்கலையே?"

நியாயமான கேள்வி. கழிப்போம். ரெண்டு ஸ்பெஷல் காபி, ஒரு தண்ணி பாட்டில், ஒரு கோக். டிப்ஸோட ஒரு 21 டாலர்னு வைங்க. மிச்சம் 61 டாலருக்கு இன்னும் நாலு காக்டெயில் வேணும். 56 கிராம். ஏறக்குறைய அதே குவார்ட்டர்தான். அஞ்சுலருந்து நாலுக்கு இறங்கினதுல ஒண்ணும் பெருசா மாறல. தவிர, பஃபே ஹால்ல சாதாக் காபி, டீ, குழாய்த் தண்ணி பெரும்பாலான கப்பல்ல இலவசம். காலைச் சாப்பாட்டு நேரத்துல ஜூஸும் கிடைக்கும். காலி பாட்டில் ஒண்ணு கையில கொண்டு போனா அந்தத் தண்ணிச் செலவும் இல்ல.

இதுவரைக்கும் சொன்னது ஒத்தை ஆள் கணக்கு. நிஜமான வில்லன் இனிமேதான் வர்றாரு.

ராயல் கரீபியன், கார்னிவல் ரெண்டு கம்பெனியிலயும் விதி இதுதான்: ஒரு ரூம்ல ஒருத்தர் மது பேக்கேஜ் எடுத்தா, அதே ரூம்ல இருக்கற குடிக்கிற வயசு வந்த எல்லாரும் எடுத்தாகணும். ஒருத்தர் பேர்ல வாங்கி ரெண்டு பேர் குடிச்சிடக் கூடாதுன்னு அவங்க பயம். பயணம் முழுசுக்கும் எடுக்கணும், நாலு நாள்ல ஒரு நாளுக்கு மட்டும்னு கேட்டா கிடையாது. அடுத்தவருக்கு வாங்கிக் குடுக்கவும் கூடாது. உடம்பு சரியில்லன்னு ஆதாரம் காட்டிக் கேட்டா சில நேரம் மதுவில்லாத பேக்கேஜுக்கு மாத்திக் குடுப்பாங்க. ஆனா கேக்கணும்.

நம்ம வீடுகள்ல பெரும்பாலும் என்ன நிலைமை? அவர் குடிப்பார், அந்தம்மா குடிக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் கட்டியாச்சு. அப்ப அவர் தன் அஞ்சையும் குடிச்சு, அவங்க அஞ்சையும் குடிச்சாதான் வசூல். நாளுக்குப் பத்து காக்டெயில், 140 கிராம், ரெண்டு குவார்ட்டருக்கு மேல!

"அதெல்லாம் யாராவது குடிப்பாங்களா டாக்டர்?" குடிக்க மாட்டாங்க. அப்ப நஷ்டம். குடிச்சா ஆபத்து. ரெண்டுல எது நடந்தாலும் கம்பெனிக்குக் காசு வந்தாச்சு.

இன்னொண்ணும் நடக்குது, அது எனக்கு அதைவிடக் கவலை. "உன் பேக்கேஜ் சும்மா வீணாப் போகுதே, ஒரு ஒயினாவது எடுத்துக்கோ"ன்னு ஆரம்பிப்பாங்க. நாப்பது வயசு வரைக்கும் தொடாத பொம்பளை, காசு வீணாகுதேன்னு முதல் கிளாஸை எடுப்பாங்க. குடிக்கறதும் குடிக்காததும் அவங்க இஷ்டம், அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா அந்த முடிவை அவங்க எடுக்கணும், பில் எடுக்கக் கூடாது. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: ஒரே எடை இருந்தாலும் பெண்கள் உடம்புல நீர்ச்சத்து ஆண்களைவிடக் குறைவு. அதே ஒரு கிளாஸ் அவங்க ரத்தத்துல கூடுதல் அளவா ஏறும். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் விஷயங்கள்ல மதுவும் ஒண்ணு.

இந்த "காசு வீணாகுதே" மனநிலைக்கு ஒரு அருமையான ஆய்வு இருக்கு. 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்டது. நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சிலருக்கு முழு விலை, சிலருக்கு அவங்க எதிர்பாராத தள்ளுபடி. நாடகம் ஒண்ணுதான், சீட்டும் ஒண்ணுதான். சீசனோட முதல் பாதியில, முழு விலை குடுத்தவங்கதான் தள்ளுபடியில வாங்கினவங்களைவிட அதிக நாடகத்துக்குப் போனாங்க. ஆசை கூடினதால போகல, குடுத்த காசு துரத்துச்சு.

நாடகத்துக்குப் போனா ரெண்டு மணி நேரம் போகும், அவ்வளவுதான். இங்க துரத்தற காசு கிளாஸுக்குள்ள போகுது. கல்யாணப் பந்தியில மொய் எழுதிட்டோமேன்னு ரெண்டாவது ஐஸ்கிரீம் கேக்குற அதே மனசுதான். நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, யாரும் விதிவிலக்கு இல்ல. கம்பெனிக்கு அது நல்லாத் தெரியும், நமக்குத்தான் தெரியறதில்ல.

"பில் பாக்க வேண்டாமே டாக்டர், அந்த நிம்மதிக்குத்தான் காசு" என்பாங்க. நேர்மையான பதில் இது. ஆனா யோசிங்க. ஒவ்வொரு தடவையும் கார்டை நீட்டும்போது மனசுல ஒரு செகண்ட் "இன்னொண்ணு வேணுமா?"ன்னு வருதில்ல? அந்த ஒரு செகண்ட்தான் உங்களோட பிரேக். முன்பணம் கட்டி அந்தப் பிரேக்கைக் கழட்டி வைக்கறீங்க. நிம்மதிதான் வேணும்னா வேற வழி இருக்கு: குடிக்கறதுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகையைத் தனியா எழுதி வச்சுடுங்க. முடிஞ்சா முடிஞ்சது.

மூணு ராத்திரி பயணத்துக்கு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் பேக்கேஜ்: 496 டாலர். பேக்கேஜ் இல்லாம அவர் மட்டும் தினம் சாயங்காலம் ரெண்டு காக்டெயில் குடிச்சா: 99 டாலர். டாலருக்கு 85 ரூபாய்னே வச்சாலும் ஒண்ணு நாப்பத்திரெண்டாயிரம், இன்னொண்ணு எட்டாயிரத்து நானூறு.

அடுத்த வாதம்: "நாலு நாள்தானே டாக்டர்! நாலு நாள்ல கல்லீரல் கெட்டுடுமா?"

கெடாது. பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். சிரோசிஸ், கேன்சர் எல்லாம் வருஷக்கணக்குல சேர்றது. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன்: உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாகச் சேர்த்தது 1988-லயே. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடம்புக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு மதுவில் கிடையாதுன்னு வெளிப்படையாவே சொல்லிடுச்சு. "ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது"ன்னு இன்னும் வாட்ஸ்அப்ல அனுப்புற சித்தப்பாக்கள் கவனிக்கவும்.

நாலு நாள்ல வர்ற பிரச்சினை வேற. அதைத்தான் விளக்கமா சொல்லணும்.

முதல்ல இதயம். 1978-ல் எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோட சகாக்களும் ஒண்ணைக் கவனிச்சு எழுதினாங்க. வார இறுதி, பண்டிகை முடிஞ்சதும் சிலர் இதயம் தாறுமாறா படபடக்க ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. ஏற்கனவே தெரிஞ்ச இதய நோய் கிடையாது. பொதுவா இருந்தது, லீவுல அளவுக்கு மீறிக் குடிச்சது. அவங்க வச்ச பேரே "ஹாலிடே ஹார்ட்". இதயத்தோட மேலறைகள் ஒழுங்கில்லாமத் துடிக்கறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பெரும்பாலும் தானா சரியாகும். சிலருக்கு ஆகாது, ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். கரையில இருந்தா ஈசிஜி, கார்டியாலஜிஸ்ட், ஐசியூ எல்லாம் அரை மணி நேரத் தூரம். நடுக்கடல்ல? கப்பல்ல டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, முதலுதவிக்கு நல்ல வசதி உண்டு. ஆஞ்சியோ செய்ற லேப் கிடையாது. கிளினிக் பில் தனி, டாலர்ல. பெரும்பாலான பயண இன்சூரன்ஸ் பாலிசியில மது போதையால வந்த பாதிப்புக்குப் பணம் கிடையாதுன்னு ஒரு வரி இருக்கும். உங்க பாலிசியை எடுத்து அந்த வரியைத் தேடிப் பாருங்க.

ரெண்டாவது, வாந்தி மாத்திரை. இதை யாருமே யோசிக்கறதில்ல. கப்பல் ஆடும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே மெடிக்கல்ல ஆவோமின், ஸ்டுஜெரான் வாங்கி வச்சுக்கறோம். ரெண்டும் தூக்கத்தைக் கொண்டு வர்ற மாத்திரைகள். மதுவும் மூளையை மந்தப்படுத்தும். ரெண்டும் சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு நிக்காது. ரெண்டு பெக்லயே நாலு பெக் தடுமாற்றம். ஆடற தரை, ஈரமான டெக், செங்குத்தான படி, பால்கனி கைப்பிடி. மாத்திரை போட்ட நாள் குடிக்காதீங்க. குடிக்கிற நாள்னா மாத்திரை வேண்டாம். ரெண்டுல ஒண்ணு.

பேக்கேஜ் எடுத்தவர் மாத்திரை போட்ட நாள்ல சும்மா இருப்பாரா? "எண்பது டாலர் போச்சே!"

மூணாவது, சர்க்கரை நோயாளிகள். இந்த த்ரெட்ல ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க. நம்ம நாட்டுல சர்க்கரை நோய் இருக்கறவங்க 10 கோடிக்கும் மேலன்னு 2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுது. க்ரூஸ் போற வயசுல, வசதியில இருக்கறவங்கள்ல கணிசமான பேருக்கு இருக்கும். கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை போடறவங்க, இன்சுலின் போடறவங்க கவனமா கேளுங்க. ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சா கல்லீரல்தான் புதுசா குளுக்கோஸ் தயாரிச்சு அனுப்பும். மது உள்ள இருக்கும்போது கல்லீரல் அதை எரிக்கறதுலயே மும்முரமா இருக்கும், குளுக்கோஸ் தயாரிப்பு மந்தமாயிடும். மாத்திரை இன்னொரு பக்கம் சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். சாப்பிடாம குடிச்சா, இல்ல டெக்ல நல்லா ஆடிட்டுப் படுத்தா, நடுராத்திரி சர்க்கரை 50-க்குக் கீழ போகலாம்.

கொடுமை என்னன்னா, தாழ்சர்க்கரையோட அறிகுறிகள் அப்படியே போதை மாதிரியே இருக்கும். குழறல், வேர்வை, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு. பக்கத்துல இருக்கறவங்க "மப்புல இருக்காரு, தூங்கட்டும்"னு விளக்கை அணைச்சிடுவாங்க. அந்தத் தூக்கத்துலருந்து எழுந்திருக்காமலே போனவங்க உண்டு.

அதனால, வீட்டுல இருக்கற குளுக்கோமீட்டரைப் பெட்டியில வையுங்க. சர்க்கரை மாத்திரை போடறவர் குடிச்சிட்டுக் குழறினா முதல் வேலை விரல்ல குத்திப் பாக்கறது. 70-க்குக் கீழன்னா, முழிச்சிருந்து விழுங்க முடிஞ்சா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க. 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. நினைவில்லன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, ரூம் போன்ல மெடிக்கல் எமர்ஜென்சின்னு சொல்லுங்க. சர்க்கரை நோய் இல்லாத ஆள் போதையில எழுப்ப முடியாமக் கிடந்தாலும் அதே மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மெடிக்கலைக் கூப்பிடுங்க. மல்லாக்கப் போட்டா வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

கணையம் திடீர்னு வீங்கறது, வெயில்ல தண்ணிச்சத்து இறங்கி மயங்கறதுன்னு இன்னும் இருக்கு. நீட்ட விரும்பல.

குடும்பமா போறவங்களுக்கு ஒரு இடைச்செருகல். "பசங்களுக்குக் குளிர்பான பேக்கேஜ் மட்டும் எடுத்தோம், அது ஓகேதானே?" அதே கணக்குதான் சார். ஒரு நாளைக்கு 14 டாலர், ஒரு கேன் மூணரை டாலர்னா நாலு கேன் குடிச்சாதான் வசூல். 330 மில்லி கோக்ல 35 கிராம் சர்க்கரை. நாலு கேன்ல 140 கிராம். பெரியவங்களுக்கே சேர்க்கற சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25-க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. எட்டு வயசுப் பையன்கிட்ட "எவ்வளவு வேணாலும் குடிக்கலாம்டா கண்ணா"ன்னு ஒரு கப்பைக் குடுத்து அனுப்பறது பாசம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

"அப்ப நீங்க மதுவிலக்குப் பிரசாரமா?" இல்லைங்க. லீவுல போய் சூரியன் மறையறதைப் பாத்துக்கிட்டு ஒரு கிளாஸ் குடிக்கிற பெரியவங்களை நான் தடுக்கப் போறதில்ல. உங்க உடம்பு, உங்க காசு. அந்த ஒண்ணு ரெண்டு கிளாஸைக் காசு குடுத்து வாங்கிக் குடிங்கன்னுதான் சொல்றேன். ஒயின் பிடிக்கும்னா, இந்த ரெண்டு கம்பெனியும் ஏறும்போது ஒரு ஆளுக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒண்ணு கையில கொண்டு வர விடுது. 12 சதவீத ஒயின்னா பாட்டில் முழுசும் 71 கிராம். அஞ்சு ராத்திரிக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 14. விதி அடிக்கடி மாறும், ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க. ஷாம்பு பாட்டில்ல ரம் ஊத்திக் கொண்டு போற வித்தையெல்லாம் வேண்டாம். ஸ்கேனிங்ல இருக்கறவங்க நம்மளைவிட நிறைய ஷாம்பு பாட்டில் பாத்தவங்க.

2022-லருந்து சென்னைத் துறைமுகத்துலருந்தே கோர்டேலியா கப்பல் ஓடுது. எம்ப்ரஸ்னு பேர், முன்னாடி ராயல் கரீபியன்கிட்ட இருந்த கப்பல்தான். சிங்கப்பூர் வரைக்கும் போகாமலே க்ரூஸ் கிடைக்கற காலம். விலை, விதி கப்பலுக்குக் கப்பல் மாறும். நீங்க போட வேண்டிய கணக்கு மாறாது: நாள் விலையை ஒரு கிளாஸ் விலையால வகுங்க, வர்ற எண்ணை 14-ஆல பெருக்குங்க. கிராம் கிடைச்சிடும். 61-க்கு எவ்வளவு பக்கம்னு பாருங்க.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கு. அவங்க இவ்வளவையும் படிச்சிட்டு, "நான் வீட்டுலயே தினமும் நாலு அஞ்சு அடிக்கிற ஆள் டாக்டர், எனக்கு லாபம்தானே?" என்பாங்க.

ஆமா, லாபம்தான். காசுக்கணக்குல உங்களுக்குத்தான் இந்த பேக்கேஜ் செஞ்சிருக்காங்க. ஆனா வருஷம் முழுக்க தினமும் இந்த அளவு போகுதுன்னா, அந்த லாபமே எனக்கு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி. கப்பல் டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு லிவர் ஃபங்ஷன் டெஸ்ட், வயித்துக்கு ஒரு ஸ்கேன், பிபி பாத்துக்கோங்க. குறைக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா, யாராவது இதைப் பத்திப் பேசினா எரிச்சல் வருதா, அப்புறம் குற்ற உணர்ச்சி வருதா, காலையில எழுந்ததும் கை நடுக்கத்துக்கு ஒரு பெக் தேவைப்படுதா? நாலுல ரெண்டுக்கு ஆமான்னா ஒரு டாக்டரைப் பாருங்க. ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம், நாங்க வெளிய சொல்ல மாட்டோம்.

முக்கியமா, இந்த த்ரெட்டைப் படிச்சிட்டு வீராப்பா கப்பல் ஏறின அன்னைக்கே மொத்தமா நிறுத்திடாதீங்க. தினமும் நிறையக் குடிச்சுப் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா ஆறு மணி நேரத்துலருந்தே நடுக்கம், வேர்வை, படபடப்பைக் காட்டும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது நாளுக்கு மேல சிலருக்கு இடம், காலம் தெரியாத குழப்பம், இல்லாத உருவம் தெரியறது, கடுங்காய்ச்சல். அது உயிருக்கே ஆபத்தான நிலை. நிறுத்தறது நல்ல முடிவு. அதைக் கிளம்பறதுக்குச் சில வாரம் முன்னாடியே, டாக்டர் மேற்பார்வையில, மருந்தோட செய்யணும். கடலுக்கு நடுவுல தனியா செய்யற வேலை இல்ல அது.

கூடப் போற வீட்டம்மாக்கள், மகன்கள், மகள்கள் இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. அப்பா கப்பல்ல "நான் இந்தத் தடவை தொடவே மாட்டேன்"னு சந்தோஷமா சொல்லி, மறுநாள் கை நடுங்கினா "கடல் ஒத்துக்கலை"ன்னு ஆவோமின் குடுத்துப் படுக்க வைக்காதீங்க. அவர் தினமும் எவ்வளவு குடிப்பார்ங்கறதைக் கப்பல் டாக்டர்கிட்ட வெக்கப்படாம, உள்ளது உள்ளபடி சொல்லுங்க. அந்த ஒரு தகவல் அவருக்கு ரொம்ப முக்கியம்.

உங்க கப்பல் பேக்கேஜ் விலையும் பார் மெனு போட்டோவும் கீழ போடுங்க. ராத்திரி ஓபி முடிஞ்சதும் கிராம் கணக்கு போட்டுத் தர்றேன். போடற மாத்திரை பேர், சர்க்கரை அளவு எல்லாம் பொதுவுல எழுத வேண்டாம், உங்க டாக்டர்கிட்ட நேர்ல கேளுங்க.